கட்டில் காலுக்குள் கிடந்த மாத்திரைகள்

ஆஸ்பத்திரிக் கோப்பு அறையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளை எல்லோரும் 'கோந்து' என்றுதான் சொல்வார்கள். கையில் அகப்பட்ட தாளையும் விடமாட்டாள், வாயில் அகப்பட்ட ஆளையும் விடமாட்டாள். அவள் தும்மினால் மூன்றாம் மாடிக் கோப்புகள் தாமாகவே வரிசையில் நிற்கும் என்று கேள்வி.

ஒரு காலையில் ஆராய்ச்சி டாக்டரின் ஏழு கோப்புகள் அவள் மேசைக்கு வந்தன. ரத்தக் கொதிப்புக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் ஆண்கள் சிலருக்கு, ஆசையே இல்லாமல் உறுப்பு விறைத்து மணிக்கணக்கில் வலிக்கிறதே, அது மாத்திரையின் வேலையா என்பது அவர் கேள்வி. ஏழாவது ஆள் கோந்துவின் கூடப்பிறந்த தம்பி, பூட்டுக்கடைக்காரன். வெட்கத்தில் ஒன்பது மணி நேரம் பல்லைக் கடித்துக் கிடந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவன். 'மூன்று வருஷமாக மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார்' என்று எழுதியிருந்தது.

கோந்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம்தான் தம்பி வீட்டு இரும்புக் கட்டிலை நகர்த்தும்போது காலின் ரப்பர் மூடி கழன்று, மூன்று வருஷ மாத்திரையும் தரையில் உருண்டோடியது. அது ஆண்மையைக் கெடுக்கும் என்று எவனோ சொன்னானாம். போதாததற்கு, வீரியத்துக்கென்று பேர் தெரியாத பொட்டலம் வேறு வாங்கித் தின்றதாகத் தம்பி பெண்டாட்டி அழுதாள். கோந்துவின் இதயம் ஓடுவதும் அதே மாத்திரையில்தான். இந்தப் பொய் டாக்டரின் ஆராய்ச்சிக் கட்டுரையில் அச்சேறினால் இன்னும் எத்தனை பேர் கட்டில் காலைத் தேடுவார்களோ?

மறுபரிசோதனைக்கு வந்த தம்பியை வாசலிலேயே மறித்தாள்.

"டாக்டர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"வாயத் திறந்தே, எனக்கு அக்காவே இல்லன்னு தலைமுழுகிடுவேன்."

"முழுகு. தண்ணி நான் ஊத்துறேன்."

"ஆம்பள விஷயத்துல உனக்கென்ன பேச்சு?"

"ஒன்பது மணி நேரம் ஆம்பளையாவே கிடந்தியே, ஆசை தீரலையா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் நேரே டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஏழு பேரைச் சேர்க்க நாலு வருஷம் ஆச்சும்மா" என்றார் டாக்டர், கடுகடுவென்று.

"பொய்யையும் சேர்த்துக்கிட்டா எழுபதுகூட ஆக்கலாம் ஐயா."

டாக்டர் ஏழாவது பெயரை அடித்தார். அன்றோடு அவளுக்கு வணக்கம் சொல்வதையும் விட்டார். ஆனால் தம்பியின் மருந்துச் சீட்டில் ஒரு வரி சேர்த்தார்: 'நம்பகமான ஒருவர் பார்க்க விழுங்கவும்.' தம்பி பெண்டாட்டி யோசிக்கவே இல்லை, நாத்தனாரைக் கைகாட்டினாள்.

அதன்பிறகு தினமும் காலையில், கடை திறக்குமுன், அவன் கோப்பு அறை வாசலில் வந்து நின்று, முறைத்தபடியே விழுங்கினான்.

"நாக்கத் தூக்கு" என்பாள் கோந்து.

தூக்குவான். ஒரு வருஷத்துக்கு அக்கா தம்பிக்குள் அவ்வளவுதான் பேச்சு.