கட்டிலுக்கு அடியில் இருந்த மின்னல்

பாறசாலையில் எங்கள் நாடகக் குழுவுக்கு இடியும் மின்னலும் செய்து கொடுத்தவன் நான். தமிழ் பேசும் எங்கள் ஊர்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிக்கக் கேட்டு எல்லைப் போராட்டம் கொதித்துக் கிடந்த வருஷங்கள். தமிழில் நாடகம் என்றாலே போலீஸ் மோப்பம் பிடிக்கும். நாங்கள் போட்டதோ புராணக் கதை.

இடிக்கு ஒரு பெரிய தகரம் போதும். தொங்கவிட்டு உலுக்கினால் கூரையே சரிவதுபோல் கேட்கும். மின்னல்தான் என் சொந்த வித்தை. நீளத் தகரக் குழாய், அதன் முனையில் எண்ணெய்த் திரி, உள்ளே சலித்த குங்கிலியப் பொடி. பின்னாலிருந்து ஊதினால் ஆளுயரத்துக்குத் தீ சீறி அடுத்த கணமே அணையும். வேறு குழுக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று குழாய்களைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

ஒரு நாள் காலை போலீஸ் வீட்டுக்குள் நுழைந்து நேராக அந்தக் கட்டிலைத்தான் புரட்டியது. குழாய்களோடு என்னையும் நெய்யாற்றின்கரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

"எந்தாடா இது? போம்போ?" என்று மலையாளத்தில் கேட்டார் இன்ஸ்பெக்டர். வெடிகுண்டா என்று அர்த்தம்.

"இல்ல சாரே, மின்னலாக்கும்."

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. பிறகு முற்றத்தில் நிறுத்தி, செய்து காட்டச் சொன்னார்கள். போலீஸ்காரர்கள் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். வாய் உலர்ந்திருந்ததால் முதல் முறை காற்றே வரவில்லை. இரண்டாவது முறை தீ சீறியது. இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். சாயங்காலம் என்னை விட்டார்கள். குழாய்களை மட்டும் தரவில்லை.

யார் காட்டிக் கொடுத்தது? எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஆர்மோனியக்காரன் ஒற்றசேகரமங்கலத்துப் பக்கத்து ஆள். வீட்டில் பேசுவது மலையாளம். "அண்ணே, குழாயில எவ்வளவு பொடி போடுவீங்க? எவ்வளவு நேரம் எரியும்?" என்று தினமும் நச்சரித்தவன் அவன்தான். அவன் இருந்தால் நான் இல்லை என்று குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். "நான் என்ன செய்தேன்?" என்று அவன் கேட்டான். ஆர்மோனியத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு போனான்.

ஒரு மாசம் கழித்து, சோறு போட்டுக்கொண்டிருந்த பெண்டாட்டி திடீரென்று அழுதாள்.

"நானாக்கும் சொன்னது, எங்க அண்ணன்கிட்ட. திரி வச்ச தகரக் குழாயக் கண்டா என்னண்ணு நெனைக்க? கேட்டா நீங்க வாய தெறக்கமாட்டீங்க. போராட்டத்துல போய்ச் செத்துருவீங்கண்ணு பயந்துபோனேன். அண்ணன் போலீஸுக்குப் போவாருண்ணு நான் கண்டேனா?"

அவள்மேல் கோபம் வரவில்லை. மறுநாளே ஆர்மோனியக்காரனைத் தேடிக் காட்டாக்கடைக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு கடை மாடியில் அவன் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"தீ எவ்வளவு நேரம் நிக்கும்ணு அறிஞ்சாத்தானே அண்ணே, அதுக்கு ஒத்து நான் வாசிக்க முடியும்?" என்றான்.

திரும்பி வரச் சொன்னேன். தலையாட்டி மறுத்தான்.

"இனி எது நடந்தாலும் நீங்க முதல்ல என் முகத்தத்தான் பாப்பீங்க."

பார்க்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் டீ வாங்கிக் கொடுத்து, பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றான்.