டேப் ஒட்டிய பட்டன்

மூன்று வருடங்களுக்கு முன்பு அம்பத்தூர் தொழிற்பேட்டையில், காருக்குத் தகடு வெட்டிக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் மக்கள் தொடர்பு அதிகாரியாக இருந்தேன். கம்பெனியைப் பற்றி நாலு பேர் நல்லபடியாகப் பேசும்படி பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதில் நான் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது.

அந்த நினைப்புக்குக் காரணம் ஒரு ஃபைல். கம்பெனியில் ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் என்ன செய்வது என்று நானே ஒரு மாதம் உட்கார்ந்து போட்ட திட்டம். யார் பேச வேண்டும், யார் வாயே திறக்கக் கூடாது, நிருபர் மடக்கினால் எப்படி நழுவுவது, எல்லாம் அதில் இருக்கும். எங்கள் தொழிலில் முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். நாம் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அதனால் விபத்து நடப்பதற்கு முன்பே அறிக்கையை எழுதி வைத்திருந்தேன். தேதி, இடம், பெயர் மட்டும் காலியாக விட்டிருந்தேன். ‘தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரிகிறது’ என்ற வரி மட்டும் முழுசாக இருந்தது. முதலாளி படித்துவிட்டு பலே என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கம்பெனிக்குள் சுற்றுக்கு விடும் மாத இதழையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அதில் ‘சிறந்த தொழிலாளி’ பக்கத்துக்காக தகடு வெட்டுகிற பிரஸ் மிஷினை ஓட்டும் ஓர் ஆபரேட்டரைப் பேட்டி எடுத்தேன். பன்னிரண்டு வருட சர்வீஸ், ஒரு நாள்கூட மெமோ வாங்காதவர். அவருடைய மிஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். அப்போதுதான் கை உள்ளே மாட்டாது. ஆனால் ஒரு பட்டனை அழுத்தியபடியே வைத்து, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ஒரு கையால் அழுத்தி, மறு கையால் தகட்டைத் தள்ளினால் வேலை வேகமாக முடியும் என்று சூப்பர்வைசர் செய்த ஏற்பாடு.

“பயமாத்தான் கீது மேடம். இத்தயும் உங்க புக்குல போட்டீங்கன்னா பெரியவங்க பாப்பாங்க” என்றார்.

எழுதிக்கொண்டேன். ஆனால் பாராட்டுப் பக்கத்தில் புகார் எதற்கு என்று பிறகு நானே எடுத்துவிட்டேன். போட்டோவில் அந்தப் பட்டன் தெரிந்தது. அதையும் வெட்டிவிட்டு, அவர் சிரிக்கிற முகத்தையும் இரண்டு கைகளையும் மட்டும் போட்டேன்.

நாலு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அதே மிஷினில் அவருடைய வலது கை மாட்டியது. மூன்று விரல்கள் போய்விட்டன. ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டும்போது நான் ஃபைலைத் திறந்துவிட்டேன். அந்த டேப் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. விசாரணை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, காலியிடத்தில் அவர் பெயரை நிரப்பிப் பேப்பர்களுக்கு அனுப்பினேன். நாற்பது நிமிடம்தான் ஆனது. மறுநாள் பேப்பரில் சின்னதாக, நான் எழுதியபடியே வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார்.

பத்தாம் நாள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் ஃபைலில் இருந்தது. ஆப்பிள் பையோடு குமணன்சாவடிக்குப் போனேன். ஒற்றை அறை வீடு. சுவரில் என் இதழின் பக்கம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதில் சிரித்தவர் கீழே பாயில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி டீ கொடுத்துவிட்டு, நாலாக மடித்த பேப்பரை எடுத்து வந்தார்.

“கவனக்குறைவுன்னு பேப்பர்ல வந்ததுலேந்து, காலைலயே ஊத்திக்கினு வேலைக்குப் போய்க்கீறாருன்னு தெருவே பேசுது மேடம். கடைக்குப் போவ முடியல. இவரு ஒரு நாளும் தொட்டது கிடையாது. எந்தப் பாவி எழுதுனான்னு தெரியல. நீங்க நல்லா எழுதுவீங்களே, இது தப்புன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க.”

பாயில் இருந்தவர் தலையை நிமிர்த்தி, “அந்த டேப்பு உங்களுக்குத் தெரியும் இல்ல மேடம்?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். கம்பெனி தர வேண்டிய நஷ்டஈட்டைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பாவி நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ‘பார்க்கிறேன்’ என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

முதலாளியிடம் போய் டேப்பைப் பற்றிச் சொல்லி, பேப்பருக்கு ஒரு மறுப்பு அனுப்பலாமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. என் ஃபைலையே எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். ‘அடங்கின செய்தியை நாமே கிளப்பக் கூடாது.’ என் கையெழுத்து. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு டேப்பை எடுக்கச் சொன்னார். விஷயம் அத்தோடு முடிந்தது.

நான் ஏன் அப்போதே நானாக எழுதி அனுப்பவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறு காரணம் இல்லை. எட்டு மாதம் கழித்து வேறு இடத்தில் வேலை கிடைத்தது. ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. வெட்டாத அந்த முழுப் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டையும் ஒரு கவரில் வைத்து, அவரிடம் கொடுத்துவிட்டு, கூடவே பேப்பர் ஆபீஸுக்கும் போவதாக இருந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. குழாயடியில் நின்ற பெண்ணிடம், விரல் போனவர் எங்கே என்று கேட்டேன்.

“யாரு, அந்தக் குடிகார ஆளா? ஊட்ட காலி பண்ணிக்கினு போய் ரெண்டு மாசம் ஆவுது. எங்க போனாங்கன்னு தெரியாது” என்றாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அந்தத் தெருவில் அவருக்கு அதுதான் பெயர்.

பேப்பர் ஆபீஸுக்கும் போனேன். இவ்வளவு பழைய செய்திக்கு இப்போது மறுப்பு எதற்கு என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார். என் கடிதத்தின் நகலை வாங்கி வைத்துக்கொண்டார். அது பேப்பரில் வரவே இல்லை.

பூந்தமல்லி, வானகரம் பக்கம் போகும்போதெல்லாம் கூட்டத்தில் ஆட்களின் வலது கையைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. புது வேலையிலும் என்னை அவசரத் திட்டம் போடச் சொன்னார்கள். போட்டேன், ஆனால் காரணம் எழுத வேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டேன். என்னுடைய கெட்டிக்காரத்தனத்தால் ஒருவருடைய பெயரைப் பறித்தேன், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கவர் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.