புது ஹெட்டுக்குப் பழைய வால்வு

என் வேனில் வருகிறவர்கள் எல்லோரும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்கள். திருவள்ளூரிலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போய் ஷிப்டு முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை. ஓட்டுகிறவளும் ஒரு பெண் என்பதால்தான் பல வீடுகளில் அவர்களை இவ்வளவு தூரம் அனுப்பவே சம்மதித்தார்கள். வேன் என் சொந்த வேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது என் கணவர் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், இன்றைக்கும் அப்படித்தான்.

ஒரு நாள் காலை பெரியபாளையம் தாண்டியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் ஓஸ் குழாய் பிளந்துவிட்டது. முன்னால் ஆவி கிளம்பி கண்ணாடியை மறைத்தது. ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் இன்ஜின் கொதித்துப்போயிற்று. பின்னால் வந்த வேறொரு கம்பெனி பஸ்ஸில் பெண்களை ஏற்றிவிட்டு, வேனை ஒரு லாரியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு காக்களூர் மெக்கானிக்கிடம் வந்தேன்.

அவர் இன்ஜினைத் திறந்து, அதன் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றித் துடைத்துக் காட்டினார். இரண்டு வால்வுகளுக்கு நடுவே தலைமுடி போல ஒரு விரிசல்.

"ஹெட்டு போச்சிக்கா. புதுசுதான் போடணும். ஆனா அதுல வால்வு வராது. பழசையே எடுத்துப் போடறதா, புதுசு வாங்கறதா, நீயே சொல்லு."

"நீ இன்னா சொல்ற?"

"எட்டு வால்வையும் புதுசா போட்டுட்டா எனக்கு நிம்மதி. நாளைக்கு ஒரு வால்வு எரிஞ்சி பூட்ச்சின்னா மறுபடியும் ஹெட்டைக் கழட்டணும். பேஜாரு."

ஒரு வால்வைக் கையில் எடுத்துக் கரியைத் துணியால் தேய்த்தேன். உள்ளே பளபளவென்று இருந்தது. காளான் குடை மாதிரி அழகான உருவம். அதைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.

"இது நல்லாத்தான கீது?"

"கண்ணுக்கு நல்லாத்தான் கீது. தேய்ஞ்சிகீதான்னு அளந்து பாத்தாத்தான் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அதுவரை பெண்கள் பஸ் மாறி மாறிப் போய்வந்தார்கள். போனில் தினமும் விசாரிப்பு. ஞாயிறு காலை நான் ஷெட்டுக்குப் போனால், எனக்கு முன்னால் என் வேன் பெண்கள் ஏழு பேர் வந்து நிற்கிறார்கள், கையில் தக்காளி சாதம் நிறைந்த பெரிய தூக்கு.

"நம்ப வண்டிக்கா. நாங்க பாக்காம யாரு பாப்பாங்க?"

மெக்கானிக் திகைத்துப்போய் ஸ்டூல் தேடினார்.

அவர்களில் ஒருத்தி, அதிகம் பேசாத நெட்டைப் பெண், கம்பெனியில் பாகங்களை அளந்து பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். பக்கத்து லேத்துப் பட்டறையில் தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டரை இரவல் வாங்கிவரச் சொன்னாள். வால்வின் தண்டில் உராயாத இடத்தில் ஒரு தடவை, உராயும் இடத்தில் ஒரு தடவை என்று அளந்தாள். காற்றை உள்ளே விடும் நான்கு வால்வுகளிலும் வித்தியாசம் ஒன்றும் பெரிதாக இல்லை. புகையை வெளியே விடும் நான்கிலும் தண்டு நன்றாகத் தேய்ந்திருந்தது. மெக்கானிக் அவற்றில் ஒன்றின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"இங்க பாருக்கா, ஓரம் கத்தி மாதிரி ஆயிகீது. இது இனிமே சூடு தாங்காது."

எனக்கு அப்போதே தெளிந்துவிட்டது. "காத்து போற நாலும் பழசே இருக்கட்டும். புகை வர்ற நாலையும் புதுசா போட்டுடு."

அவர் தலையைச் சொறிந்தார். "நானும் அதத்தான் சொல்லலாம்னு இருந்தேன்."

"அதெப்படி, எட்டையும் மாத்தணும்னு சொன்னியாமே?" என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அவரும் சிரித்துவிட்டார்.

புது வால்வு நான்கை வாங்கிவந்து, பழைய நான்கையும் லேத்தில் கொடுத்து முகத்தைச் சீர்செய்து வாங்கினார். பிறகு ஒவ்வொரு வால்வையும் ஏற்கெனவே வந்திருந்த புது ஹெட்டில் அதன் இடத்தில் வைத்து, மணல் போல நறநறக்கும் தேய்ப்புப் பசை தடவி, ரப்பர் கிண்ணம் மாட்டிய குச்சியால் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் தேய்க்க வேண்டும். "நாங்க தேய்க்கிறோம்" என்று ஆளுக்கொரு வால்வு கேட்டார்கள். எங்களில் மூத்தவள் மோர் கடைந்து பழகிய கையோடு உட்கார்ந்தாள். அவளுடையதில்தான், சரியாகப் பொருந்தியதற்கு அடையாளமான சாம்பல் நிற வளையம் முதலில் விழுந்தது, ஒரே சீராக. ஷெட் முழுக்க சர்க் சர்க் என்று சத்தம், நடுநடுவே மாமியார் கதைகள். மெக்கானிக் ஒவ்வொருவர் பின்னாலும் போய் எட்டிப் பார்த்து, "போதும், ரொம்பத் தேய்க்காத" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றினார். கீழே துளைகளில் கசிந்தால் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். எல்லோரும் குனிந்து செல்போன் வெளிச்சத்தில் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழில் பொட்டு ஈரம் இல்லை. ஒன்றில் மட்டும் மெல்ல ஒரு துளி திரண்டு விழுந்தது.

"இது யாரு தேய்ச்சது?"

நான் தேய்த்தது.

"ஓனரம்மாவே ஏமாத்திட்டாங்கடி!" என்று கூச்சல். நான் மறுபடி உட்கார்ந்து, வளையம் சீராக விழும்வரை தேய்த்தேன். அடுத்த முறை ஊற்றியபோது கசியவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குச் சாப்பாடு கொடுத்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் இன்ஜினைப் பூட்டிச் சாவியைத் திருப்பினோம். கொஞ்சம் இருமி, வெள்ளைப் புகை கக்கி, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. மெக்கானிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார். முகம் மலர்ந்துவிட்டது. "தறி மாதிரி ஓடுதுக்கா" என்றார். அவர் தறிகள் நிறைந்த பொதட்டூர்பேட்டைக்காரர். அதற்கு மேல் அவர் எதையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

நான்கு பழையது, நான்கு புதியது என்று வேன் இன்றுவரை நன்றாக ஓடுகிறது. முழு ஆளோடு மேம்பாலம் ஏறும்போது முன்பெல்லாம் கியரைக் குறைப்பேன், இப்போது தேவைப்படுவதில்லை. அந்த ஏற்றத்தில் பின்னாலிருந்து யாராவது ஒருத்தி, "இழுக்கறது என் வால்வுதான்" என்று ஆரம்பிப்பாள். உடனே இன்னொருத்தி மறுப்பாள். சண்டை தொழிற்பேட்டை வாசல்வரை நடக்கும். நான் ஒருவர் பக்கமும் பேசாமல் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பேன்.