கேக் பெட்டியோடு போகிறவன்

படியிறங்கித் தெருமுனையைத் தொடுவதற்குள் எல்மெர் பெட்டியை மார்புக்கு உயர்த்திவிடுவான். வெள்ளை அட்டைப் பெட்டி, மேலே ரோஜா நிற நாடா. உள்ளே இருப்பது குலுங்கிவிடக் கூடாதே என்பதுபோல இரண்டு கையாலும் ஏந்திப் பூப்போல நடப்பான். உள்ளே ஒன்றும் இல்லை. சித்தி ரெய்னா வேலை பார்க்கும் பேக்கரியில் கெஞ்சி வாங்கிய காலிப் பெட்டி அது.

“கேக் வச்சிருக்கவனை எந்தப் போலீசும் சுவத்துல சாய்க்காதுடா. நசுங்கிட்டா அவங்களுக்கே மனசு கேக்காது” என்று கூட்டாளி ஓவிடியோவிடம் விளக்குவான்.

எல்மெருக்கு வயது பதிமூன்று. ஆனால் பதினொன்றிலேயே மீசை வந்துவிட்டது. மீசையைத் துரத்திக்கொண்டு உயரமும் வந்தது. “ஒரே வீட்ல ரெண்டு மீசை எதுக்கு? நீ வேலைக்குப் போ, நான் உன் கிளாசுக்குப் போறேன்” என்பார் அப்பா. கீழ்வீட்டு நாய்க்குட்டி குரைத்தால் இன்றைக்கும் அம்மா நோயெமியின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை. அம்மாதான் ஒளிவதற்குப் போதாத உயரம்.

எல் சால்வடோரிலிருந்து வந்தவர்கள் நெருங்கி வாழும் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் போலீஸ் கண்ணுக்கு அவன் பிள்ளையாகத் தெரிந்ததில்லை. பந்தோடு போனான், நிறுத்தினார்கள். மீசையைச் சிரைத்துக்கொண்டு போனான்; “அடையாளத்தை மாத்தப் பாக்கிறியா?” என்றார்கள். சித்தியின் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனான்.

“உன் குழந்தையா?”

“சார், எனக்குப் பதிமூணு வயசு சார்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

பள்ளிக்கூடத்திலும் அதே கதை. வாசல் காவலாளி அவனைத் ‘தலைவரே’ என்றுதான் கூப்பிடுவார். சாப்பாட்டுக் கூடத்தில் யார் யாரை அடித்தாலும் முதல் விசாரணை அவனுக்கு. ‘ஆபத்திலுள்ள மாணவர்கள்’ என்று ஒரு தனி வகுப்பில் அவனைச் சேர்த்தபோது, “என்ன ஆபத்துடா கண்ணு?” என்று அம்மா பதறினாள். ரொம்ப நாளைக்கு அவனைத் தனியாக ரோடு தாண்ட விடவில்லை அவள்.

அப்புறம்தான் தங்கை கெயிலியின் பிறந்தநாள் வந்தது. பேக்கரியிலிருந்து நிஜ கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். போலீஸ் வண்டி பக்கத்தில் ஊர்ந்தது. கண்ணாடி இறங்கியது. எல்மெர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டான். “ஹேப்பி பர்த்டே!” என்று கத்திவிட்டு வண்டி போய்விட்டது. அன்று பிடித்ததுதான் இந்தப் பெட்டி.

வசந்தகாலம் முழுக்கப் பலித்தது. பிறகு புதிதாக ஒரு இளம் போலீஸ்காரர் அந்தப் பேட்டைக்கு மாறி வந்தார்.

“யாருக்குப் பொறந்தநாள்?”

“தங்கச்சிக்கு சார்.”

“என்ன கேக்?”

“சாக்லேட்.”

“எங்க, காட்டு.”

நாடா அவிழ்ந்தது. போலீஸ்காரர் பெட்டிக்குள் பார்த்தார். கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

“கேக் எங்க?”

“இல்ல சார்.”

“அப்ப பெட்டி எதுக்கு?”

“நீங்க நிறுத்தக் கூடாதுன்னுதான் சார்.”

கூட வந்த போலீஸ்காரர் சிரித்துவிட்டார். அதனால்தான் இவருக்குக் கோபம் வந்தது. எல்மெரை நடைபாதை விளிம்பில் உட்கார வைத்தார். சட்டைக் கையை மேலேற்றச் சொன்னார். முழங்கைக்கு மேலே ஊதா நிறத்தில் கொம்பு முளைத்த குதிரை ஒன்று சிரித்தது.

“இது எந்த கேங்?”

“கெயிலி ஒட்டினது சார். தண்ணி பட்டா போயிடும்.”

“உன்னை எல்லாரும் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க?”

எல்மெர் தயங்கினான். “வீட்ல, ‘குட்டி’ன்னு…”

கேங் ஆட்களைக் குறித்துவைக்கும் அட்டையில் அதையும் எழுதிக்கொண்டார். சுவரோரம் நிறுத்தி முகத்தை நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், குதிரையை ஒரு படம் எடுத்தார். விஷயம் கேள்விப்பட்டு ரெய்னா மாவுக் கையோடு ஓடிவந்தாள். “என்னய்யா திருடிட்டான்? இல்லாத கேக்கை எப்படித் திருடுவான்?” தெருவே வேடிக்கை பார்த்தது. கடைசியில் போகச் சொன்னார்கள். வீடு வரைக்கும் சித்தியின் கையை எல்மெர் விடவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் படமெடுக்கும் நாள். நோயெமி வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். தலையைத் தண்ணீர் தொட்டு வாரிவிட்டாள். “பல்லு தெரியச் சிரி ராசா. ஊருக்கு அனுப்பணும்.”

படமெடுக்க வந்த அம்மாள் ஒரு ரப்பர் வாத்தைத் தலையில் வைத்துக்கொண்டு “குவாக்” என்றாள். எல்மெருக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. மீசைக்குக் கீழே கன்னத்தில் குழி விழுந்தது. கேமரா மின்னியது.

“அழகு! அவ்வளவுதான் கண்ணு” என்றபடி அவள் குனிந்து வாத்தை மேஜைமேல் வைத்தாள். நிமிர்ந்தபோது எல்மெர் போகவில்லை. சிரிப்பை அணைத்துவிட்டு, கால்களைச் சேர்த்து, யாரும் சொல்லாமலே பக்கவாட்டில் திரும்பி, மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தான்.