ஏழு கிலோவுக்குள் ஒரு வெளிநாடு

பழைய பேப்பர் கடைக்காரியைத் தெருவில் எல்லோரும் தராசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றைக்குத்தான் அது அவளுக்கே மறுபடி ஞாபகம் வந்தது.

ஆள் ஒல்லி, கை மட்டும் பயில்வான் கை. கட்டின பேப்பரை ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்து "பதினொண்ணே கால்" என்பாள். தராசில் வைத்தால் பதினொண்ணே கால் இருக்கும். நம்பாதவர்கள் இன்னொரு தடவை வைக்கச் சொல்வார்கள். முகம் சுளிக்காமல் வைப்பாள். மறுபடியும் அதே பதினொண்ணே கால். தராசுக்கே அவளைப் பார்த்தால் கொஞ்சம் பயம் என்று எதிர்க்கடை சைக்கிள் மெக்கானிக் சொல்வார்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள், பத்தொன்பது வயதில் இந்தக் கடையைத் திறந்தாள். இப்போது நாற்பத்தாறு. நடுவில் கல்யாணப் பேச்சு மூன்று தடவை வந்தது, மூன்று தடவையும் வந்த வழியே திரும்பிப் போனது. அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறை அவளுடையது. அண்ணன் சரக்கு வேன் ஓட்டுகிறார். கடையில் சேரும் பேப்பரையும் அட்டையையும் வாரம் ஒருமுறை மில் கிடங்குக்கு ஏற்றிப் போவது அவர்தான்.

அந்தக் கிடங்கில் ஒருமுறை பெரிய ரகளை நடந்தது. அங்கே இருந்த எலெக்ட்ரானிக் தராசு ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு கிலோ விழுங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. தராசக்கா தன் கடையிலிருந்த முத்திரை குத்திய எடைக்கல்லை எடுத்துப் போய் அந்தத் தராசு மேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கிடங்குக்காரர் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து அரைக் கிலோ எடைக்கல் ஒன்று அவள் பையிலேயே இருக்கும். பெண்கள் பையில் சீப்பு இருப்பது மாதிரி.

அவளுக்கு வெளிநாட்டு ஆசை வந்ததற்குக் காரணம் தெருமுனை டிராவல்ஸ்காரர். வருஷா வருஷம் மிச்சமான விளம்பரப் புத்தகங்களைக் கட்டிக் கொண்டுவந்து போடுவார். வழவழப்புத் தாள், மில்லில் விலை குறைவு. ஆனாலும் அதில் ஒன்றை உருவி வைத்துக்கொண்டுதான் மீதியைக் கட்டுவாள். மலை, ஏரி, டிராம் வண்டி, மஞ்சள் பெயின்ட் அடித்த தெரு. உலகத்தில் பாதியைக் கிலோ கணக்கில் விற்றிருக்கிறாள், ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. ஒருநாள் மத்தியானம் யாவாரம் இல்லாத நேரத்தில் அவளுக்குத் திடீரென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கடையைப் பாதி சாத்திவிட்டு டிராவல்ஸ்காரரிடம் போய் நின்றாள்.

அவர் ஒரு விலை சொன்னார். ஓட்டல், பஸ், வழிகாட்டி எல்லாம் சேர்த்தாம். தராசக்கா மனசுக்குள் அதை அட்டையாக மாற்றிப் பார்த்தாள். அவளுக்கு எந்த விலையும் அப்படித்தான் புரியும். நாலாயிரம் கிலோ அட்டை. டிக்கெட் மட்டும் என்றால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"தனியாப் போற பொம்பளைங்களுக்கெல்லாம் நாங்க போடறதில்லைங்க. அங்க உங்களுக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அதனாலதான் போறேன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் எடை போட்டுப் பார்த்தாள், ஒன்றும் தேறவில்லை. அடுத்த வருஷத்துப் புத்தகங்களையும் தன்னிடமே போடச் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அதன்பிறகு நாலு மாசம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் போனும், கிழித்த காலண்டர் தாள்களும். தினமும் ஒரே நேரத்துக்கு விலை பார்த்து, தாளின் பின்பக்கம் எழுதுவாள். வெள்ளிக்கிழமை கிளம்பினால் ஆயிரத்து நூறு கிலோ அட்டை. அதே விமானம் புதன்கிழமை என்றால் எண்ணூறு. பள்ளிக்கூடம் லீவு விடுகிற மாசத்தில் விலை கூரைக்கு மேல் நிற்கும், மழை மாசத்தில் தரைக்கு இறங்கும். நேராகப் போகாமல் நடுவில் ஒரு ஊரில் இறங்கி ஒன்பது மணி நேரம் காத்திருந்து ஏறினால் இன்னும் குறையும். ஒன்பது மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டுமே என்று சைக்கிள் மெக்கானிக் பரிதாபப்பட்டார். இருபத்தேழு வருஷமாக ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

எந்த ஊர் என்று முதலில் முடிவு பண்ணுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு என்பது ஒரு மாசத்தில் புரிந்துவிட்டது. போய்ச் சேருகிற இடத்தைக் காலியாக விட்டால், இருக்கிற எல்லா ஊர்களையும் விலை குறைந்ததிலிருந்து வரிசையாகப் போன் காட்டும். அதில் விசா கேட்காத நாடாகப் பார்த்து விரலை வைத்தாள். அறுநூற்று நாற்பது கிலோ அட்டை, போக வர. எந்த நாட்டுக்குப் போகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "விலை குறைஞ்ச நாட்டுக்கு" என்று பதில் சொன்னாள். டிராவல்ஸ் புத்தகத்தில் அந்த நாட்டுக்கு அரைப் பக்கம்கூட ஒதுக்கவில்லை. அதுவே அவளுக்குப் பிடித்துப் போனது.

டிக்கெட் போடும்போது போன் நைநையென்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஜன்னல் ஓரம் வேண்டுமா? வேண்டாம். சாப்பாடு? வேண்டாம். முதலில் ஏற வேண்டுமா? எல்லோரும் ஏறாமல் அது எப்படியும் கிளம்பப் போவதில்லை, வேண்டாம். இத்தனை வேண்டாம்களைச் சேர்ந்தாற்போல் சொன்னதில் ஒரு வாரத்துக்கு முகம் பளபளவென்று இருந்தது.

விலை குறைவு என்றால் கறாரும் கூட. டிக்கெட்டை மாற்ற முடியாது, பணம் திரும்பாது. கையில் ஒரே ஒரு பை, ஏழு கிலோ. அதற்கு மேல் போனால் கவுண்டரில் தனியாகக் கட்ட வேண்டும், அது டிக்கெட்டில் பாதி. அவளிடம் இருந்தது எட்டுப் பேர் படுக்கிற விடுதி அறையில் ஒரு கட்டிலுக்கும், பஸ்ஸுக்கும், ரொட்டிக்கும் சரியாக இருந்த பணம். அதில் கை வைத்தால் அங்கே போய்த் தெருவில் படுக்க வேண்டும், இல்லை என்றால் இங்கேயே திரும்ப வேண்டும்.

திரும்பிவிடுவாள் என்பதில் அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. கிளம்புகிற அன்று காலையில் கடைத் தராசில் பையை வைத்தபோது அவரும் வந்து நின்றார். இரண்டு செட் துணி, ஸ்வெட்டர், துண்டு, குடை, பிஸ்கட், அரைக் கிலோ எடைக்கல். மொத்தம் ஆறு கிலோ தொள்ளாயிரம்.

"ஏழு கிலோவுல அரைக் கிலோ இரும்பா? உனக்கு மூளை ஏதும் கழண்டுடுச்சா?"

"அவங்க தராசு சரியா இருக்கும்னு உனக்கு யாருண்ணா சொன்னது?"

"விமானமே ஓட்டறவனுக்குத் தராசு வைக்கத் தெரியாதா?"

அவள் ஜிப்பை இழுத்தாள். வேனில் போகும்போது அண்ணன் வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார். விமான நிலையத்து வாசலில் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம் வண்டியோடு அங்கேயே இருப்பதாகவும், வெட்கப்படாமல் வந்து ஏறிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கோபத்தில் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் அவள் கதவுக்குள் போகும்வரை வேன் நகரவில்லை.

கவுண்டரில் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய பெண் ஒருத்தி, அவளுக்கு மிஞ்சிப் போனால் இருபத்து மூன்று வயது, பையை வைக்கச் சொன்னாள். தராசக்கா வைத்தாள். ஏழு புள்ளி ஐந்து என்று சிவப்பாக எரிந்தது.

"அரைக் கிலோ கூட இருக்கு மேடம். தனியா கட்டணும்."

"கூட இல்லம்மா. ஆறே முக்காலுக்கு மேல நூத்தம்பது கிராம்."

"மெஷின் காட்டுதே மேடம்."

"மெஷின் காட்டட்டும். பை அவ்வளவு இல்ல."

அந்தப் பெண் நல்லவள்தான். ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டால் தான் கண்டுகொள்ளப் போவதில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். பின்னால் மலை மாதிரி பெட்டிகளோடு நின்றிருந்த நெட்டையர், ஸ்வெட்டரை உடம்பில் மாட்டிக்கொண்டால் தீர்ந்தது, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று யோசனை சொன்னார். இன்னும் இருபது நிமிஷத்தில் கவுண்டரை மூடிவிடுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

ஸ்வெட்டரைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு கையை நுழைத்தால் முடிந்தது. தராசக்காவுக்கும் அது தெரியும். கை ஜிப் வரைக்கும் போனது. நாலு மாசம், காலண்டர் தாள்கள், அறுநூற்று நாற்பது கிலோ அட்டை எல்லாம் அந்தக் கையைப் பிடித்து இழுத்தன. ஆனால் கையை உள்ளே விட்டபோது விரலில் முதலில் பட்டது ஸ்வெட்டர் இல்லை, இரும்பு.

கல்லை எடுத்தாள்.

"நான் எதையும் எடுக்க மாட்டேன், எதையும் மாட்டிக்கவும் மாட்டேன். பையைக் கீழ வைக்கிறேன். இத மட்டும் வச்சுப் பாரு. அரைக் கிலோ காட்டினா நீ சொல்ற காச எண்ணி வச்சிட்டுப் போறேன்."

வரிசை முணுமுணுத்தது. அந்தப் பெண் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். டை கட்டிய அவர் வந்து எடைக்கல்லைப் பார்த்த பார்வையில், ஏதோ உயிருள்ள பிராணியைப் பிடித்து வந்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. அது சரியான கல் என்று எப்படி நம்புவது என்று கேட்டார்.

தராசக்கா கல்லைத் திருப்பிக் காட்டினாள். அடியில் ஈயத்தில் குத்திய முத்திரை, இந்த வருஷத்தது. "என் கல்லு வருஷா வருஷம் பரீட்சை எழுதிட்டுத்தாங்க வருது. உங்க மெஷினுக்கு முத்திரை எங்க இருக்கு, கொஞ்சம் காட்டுங்களேன்."

அவர் மெஷினின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு அவரே வாங்கி அதன் மேல் வைத்தார்.

ஒன்று புள்ளி ஒன்று.

மேலதிகாரி கல்லை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். ஒன்று புள்ளி ஒன்று. மெஷினைத் தட்டினார். அது அசையவில்லை. தராசக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், கிடங்கில் நின்ற மாதிரியே. கல்லையும் உள்ளே போட்டுப் பக்கத்துக் கவுண்டரில் பையை வைத்தார்கள். ஆறு புள்ளி ஒன்பது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு அவள் பொறுப்பில்லை. யோசனை சொன்ன நெட்டையர் தன் மலையை அப்படியே பக்கத்துக் கவுண்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார். கொஞ்சம் முன்னால் பணம் கட்டிவிட்டு உள்ளே போகவிருந்த ஒரு குடும்பம், ரசீதை உயர்த்திப் பிடித்தபடி திரும்பி வந்தது. டை கட்டியவர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

ஸ்கார்ஃப் கட்டிய பெண் மட்டும் தலையைக் குனிந்து போர்டிங் பாஸை அச்சடித்துக்கொண்டிருந்தாள். நீட்டும்போது கண் கலங்கியிருந்தது. காலையிலிருந்து எத்தனை பேரிடம் வாங்கினாளோ என்று தராசக்கா நினைத்தாள்.

"உன் தப்பு இல்லம்மா. உக்காரச் சொன்ன இடத்துல உக்காந்த."

"மேடம், அந்தக் கல்ல உள்ள விட மாட்டாங்க. செக்கிங்ல எடுத்துக் குப்பையில போட்டுடுவாங்க."

தராசக்கா கல்லைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வெளியே போய் அண்ணனிடம் கொடுக்கலாம்தான். அந்த வாசல் பக்கம் ஆறு நாளைக்குப் போவதில்லை என்று அவள் முடிவு பண்ணியாகிவிட்டது. கல்லைக் கவுண்டர் மேல் அந்தப் பெண் பக்கமாக நகர்த்தினாள்.

"நீ வச்சிரு. காலையில வந்ததும் முதல்ல இதப் போட்டுப் பாரு, அப்புறம் ஆளுங்களக் கூப்பிடு. செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கிறேன். தொலைச்சிடாத, அப்புறம் நான் பொல்லாதவளா ஆயிடுவேன்."

அந்தப் பெண் இரண்டு கையாலும் அதை எடுத்தாள். சின்னக் கல்லுக்கு இவ்வளவு கனமா என்று அவள் முகத்தில் தெரிந்தது.

தராசக்கா பையைத் தோளில் மாட்டினாள். ஒரு பக்கம் லேசாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தோள் எடை பிடிபடவில்லை. அப்போது போன் அடித்தது. அண்ணன்.

"என்னாச்சு? வாசலுக்கு வண்டிய எடுக்கட்டுமா?"

"செவ்வாய்க்கிழமை எடு."

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் பேச்சில்லாமல் இருப்பது அபூர்வம் என்பதால் அவள் கொஞ்சம் அனுபவித்துவிட்டுத்தான் தொடர்ந்தாள்.

"பையில அரைக் கிலோ இடம் காலி ஆயிருக்கு. உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?"

"எனக்கு ஒன்னும் வேணாம். நீ நல்லபடியா வந்து சேரு, போதும்." குரல் என்னவோ போல் இருந்தது. வேனுக்குள் தூசி அதிகம்.

"நான் அரைக் கிலோவுல அடங்க மாட்டேண்ணா. வேற ஏதாவது சொல்லு."

யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஆறு நாள் இருக்கிறது, நிதானமாக யோசி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். செக்கிங் வரிசையில் ஒருவர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார், ஒருவர் செருப்பை. கழற்றுவதற்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தராசக்கா பார்த்தாள். ஒன்றும் இல்லை. நேராக நடந்தாள்.