சோழபுரத்து நத்தைகள்

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு கோடை முழுவதும் இராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலில் கிடந்தேன். ஏழாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்று மாடிப்படியில் குதித்து இறங்கியதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். அப்பா பேண்டேஜ் துணிக் கம்பெனியில் தறி மெக்கானிக். காலில் சுற்றியிருப்பதும் அப்பன் கம்பெனித் துணிதானா என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வேடிக்கையைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

என் ஆத்திரம் தாங்காமல் அப்பா ஒரு பழைய மீன் தொட்டியும், தங்க மீன்களும், ஒரு கருப்பு மீனும் வாங்கி வந்தார். படுத்தபடியே பார்க்கலாம் என்று ஜன்னலோரம் வைத்தார். அன்றைக்கு அவர் மேல் வந்த பிரியம் இன்னும் குறையவில்லை. ஆனால் ஜன்னல் வெயில் பட்டுப் பட்டு, கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி படர்ந்தது. பேண்டேஜ் துணியை மடித்துத் தண்ணீரை வடிகட்டிப் பார்த்தார். தண்ணீர் தெளிந்தது, கண்ணாடி தெளியவில்லை. பொறுமை இழந்து தொட்டியை ஒட்டக் கழுவி, பிளீச்சிங் பவுடர் வாடை போகாத குழாய்த் தண்ணீரை நிரப்பினார். சாயங்காலத்துக்குள் தங்க மீன்கள் மல்லாந்துவிட்டன. கருப்பு மீன் மட்டும் பிழைத்தது. நான் அழுத அழுகையில் அப்பா சாப்பிடாமலே ஷிப்டுக்குப் போனார்.

பாசி மறுபடியும் படர்ந்தது. சோழபுரத்தில் விவசாயம் பார்த்த தாய்மாமா இதைக் கேள்விப்பட்டு, வயல் வாய்க்காலில் பொறுக்கிய நத்தைகளை ஈரத்துணியில் முடிந்து கொண்டுவந்தார். யாருக்கோ மூல வியாதிக்கு மருந்தாக நத்தைக் குழம்பு வைக்கத்தான் என்று நினைத்து அம்மா மிளகும் சீரகமும் எடுத்து வைத்துவிட்டாள். மாமா அவற்றைத் தொட்டிக்குள் விட்டார்.

"ஏட்டி, இவியளுக்குச் சம்பளமும் கெடையாது, லீவும் கெடையாது. பொறுத்திருந்து பாரு."

நத்தைகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து மூடி, திறந்து மூடி ஊர்ந்தன. போன வழியெல்லாம் கோடு கோடாகத் தெளிந்தது. அதன் வழியே கருப்பு மீன் தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. தொட்டியிலிருந்த செடியையும் அவை தின்று தீர்த்தன. தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அவற்றைப் பார்த்துப் பார்த்தே என் எரிச்சல் அடங்கியது. இன்றும் வாய்க்கால் ஓரம் நத்தையைப் பார்த்தால் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் கட்டைப் பிரித்து, எலும்பு சேர்ந்துவிட்டது, நடக்கலாம் என்றார். சூம்பிப்போயிருந்த காலைப் பார்த்து நான் மிரண்டுவிட்டேன். ஊன்றினால் மறுபடி முறிந்துவிடும் என்று நம்பினேன். அப்பா தாங்கிப் பிடித்தாலும் கத்தினேன். இப்படியே விட்டால் பிள்ளை நொண்டியாகிவிடும் என்ற பயம் அம்மாவைப் பிடித்துக்கொண்டது. அவள் அடுப்படியில் அழுவது எனக்குக் கேட்கும். கேட்டும் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் நத்தை ஒன்று தொட்டியின் விளிம்பு தாண்டித் தரையில் விழுந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். புறவாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த அவளுக்குக் கேட்கவில்லை. நத்தை ஓட்டுக்குள் சுருங்கி, அசையாமல் கிடந்தது. செத்துவிடுமோ என்ற பதற்றத்தில் நல்ல காலை இறக்கினேன், பிறகு மற்றதை. வலி உயிர் போயிற்று. ஆனால் எலும்பு முறியவில்லை. கட்டிலையும் சுவரையும் பிடித்துக்கொண்டு போய், நத்தையை எடுத்துத் தண்ணீரில் விட்டேன்.

திரும்பினால், ஈரக்கையோடு கதவருகில் அம்மா. எப்போது வந்தாளோ தெரியாது. ஓடி வந்து தாங்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே, அறையின் மறுகோடியைக் காட்டினாள்.

"அந்தா, பீரோ பக்கத்துல இன்னொண்ணு கெடக்கு. அதையும் எடுத்துப் போட்டுரு."

நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. விந்தி விந்தி நடந்து போனேன். பீரோவுக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். அங்கே நத்தையே இல்லை.