கண்ணளவில் வாங்கிய பூட்ஸ்

செல்வத்தை அணியிலிருந்து வெளியே அனுப்பியவன் நான். அவனுடைய ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை என்பது அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு சீசன் ஓடிப்போயிற்று... இன்னும் திறக்கவில்லை.

இதை முதலிலேயே உங்களிடம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் அணியைப் பற்றிப் பேசத் தொடங்கி, அந்தச் சுவாரஸ்யத்தில் இதை விழுங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்!

என் பெயர் ஜாபர். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம். ஏலத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தட்டில் மாதிரி வரும். அதில் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, கிட்டங்கியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் முழுச் சரக்குக்கும் விலை சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான். 'சரியாகப் பார்க்கவில்லை, மாற்றிக்கொள்கிறேன்' என்று எழுந்து நின்றால் மறுநாள் எவனும் மதிக்கமாட்டான். காயின் பருமனைச் சல்லடையில் போட்டுத்தான் மற்றவர்கள் தரம் பிரிப்பார்கள். எனக்குக் கண்ணே போதும். எட்டு மில்லியா, ஏழரையா... பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, உங்களிடம் எதற்குப் பொய்? பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் கால்பந்தையும் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் நடப்பது அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ். மழை விட்டு மைதானம் காய்ந்ததும் போட்டிகள் தொடங்கும். எங்கள் மேட்டுத்தெரு அணிக்கு நான் ரசிகன். வெறும் ரசிகன் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். நான் வாழ்நாளில் ஒரு பந்தையும் உருப்படியாக உதைத்தவனில்லை. ஆனாலும் சீசனுக்கு முன்னால், 'ஜாபர் பாய் என்ன சொல்றாரு?' என்று கேட்காமல் அணித்தலைவன் முருகேசன் ஏழு பேரை முடிவுசெய்யமாட்டான். அவனுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் கிரில் பட்டறை. கையில் வெல்டிங் கண்ணாடியோடு என் கடைக்கே வந்து கேட்பான்.

சீசன் தொடங்காத இந்த மழை மாதங்கள் இருக்கின்றனவே, ரசிகனுக்கு இவைதாம் பொற்காலம்! யாரும் இன்னும் தோற்கவில்லை. யாரும் இன்னும் பெனால்டியை வெளியே அடிக்கவில்லை. தேநீர்க் கடையில் உட்கார்ந்தபடியே கோப்பையை வாங்கி, ஊர்வலமும் விட்டுவிடலாம். நான் வருடா வருடம் விடுகிறேன்.

இந்த வருடம் அப்படி வெறும் கனவில்லை. நம்புங்கள். எங்கள் கோல்கீப்பருக்கு இப்போதுதான் பக்குவம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் பந்து வருவதற்குள் பாய்வான், இப்போது பொறுத்துப் பாய்கிறான். முன்வரிசையில் இரண்டு பேரும் ஒருவன் மனதை ஒருவன் படித்தவர்களைப்போல ஆடுகிறார்கள். நடுவில் நிற்கும் முருகேசனுக்கு வயது ஏறியிருக்கிறது, மூச்சு குறையவில்லை. கம்பத்து அணி பலமானது என்கிறார்கள். இருக்கட்டுமே! அவர்களுக்கு இடது பக்கம் ஆளே கிடையாது. சின்னமனூர்க்காரர்களைப் பற்றி நான் பேசவே போவதில்லை. கோப்பை எங்களுக்குத்தான்.

ஓர் இடம் மட்டும் காலி. கோல்கீப்பருக்கு முன்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் இடம். செல்வத்தின் இடம்.

அவன் பக்கத்து ராசிங்காபுரத்துக்காரன், ஜீப் ஓட்டுகிறவன். விடியுமுன்பே ஊர் ஊராகப் போய், காயெடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவான். மாலையில் அவர்களைத் திரும்ப இறக்கிவிட்டு, ஜீப்பை மைதானத்து ஓரத்தில் நிறுத்திவிட்டு ஆட இறங்குவான். ஆட்டத்தில் அவன் அதிகம் ஓடமாட்டான். எதிரி எங்கே வரப்போகிறானோ அங்கே முன்னமே நிற்பான். பந்தைப் பறிப்பதுகூடத் தன் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வது போலத்தான் இருக்கும். அடடா... அந்த நிதானத்தைப் பார்க்கவே நான் மைதானத்துக்குப் போன நாட்கள் உண்டு!

சீசனுக்கு முன் யாராவது ஓர் ஆட்டக்காரருக்குப் புது பூட்ஸ் வாங்கித் தருவது என் வழக்கம். அந்த வருடம் செல்வத்துக்கு என்று முடிவுசெய்தேன். மதுரைக்குச் சரக்கு விஷயமாகப் போனவன் கடைக்குள் நுழைந்தேன். "சைஸ் என்ன சார்?" என்று கேட்டான் கடைக்காரன். கைபேசி சட்டைப்பையில் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதா, நானா? இத்தனை நாள் அவன் கால்களைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்! "எட்டு" என்றேன், ஏலத்தில் விலை சொல்கிற அதே குரலில்.

எல்லோர் முன்னிலையிலும் கொடுத்தேன். வாங்கியவன் அங்கேயே போட்டுக்காட்ட வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும், அதுதான் முறை. செல்வம் குனிந்து கொஞ்சம் நேரமெடுத்து மாட்டினான். எழுந்து நின்றான்.

"எப்படிடா இருக்கு?"

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குண்ணே."

நான் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். என் முகத்தை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும்.

அதன்பின் வந்தது 'சாம்பிள்'. மழை முடிகிற சமயத்தில் மலைமேல் ஓர் எஸ்டேட்டுக்குப் போய், அங்கே வேலை செய்கிறவர்களின் அணியோடு ஒரே ஓர் ஆட்டம் ஆடுவோம். ஏலக்காய் ஊரில் அந்த ஆட்டத்துக்கு வேறு என்ன பெயர் வரும்? அந்தச் சாம்பிளைப் பார்த்துத்தான் அந்த வருடத்து ஏழு பேர் முடிவாவார்கள்.

அன்று செல்வம் செல்வமாகவே இல்லை. திரும்பவேண்டிய இடத்தில் தயங்கினான். பந்துக்கு முன்னால் போய் நிற்கிறவன் பந்துக்குப் பின்னால் நொண்டாத குறையாக ஓடினான். எஸ்டேட் அணியின் முன்வரிசைக்காரன் அவனை ஆசை தீரக் கடந்து போனான். மைதானத்தின் ஓரத்தில் பனிமூட்டத்துக்குள் நின்றிருந்த எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் வாங்கிக் கொடுத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு இப்படியா ஆடுவது?

தோற்றோம். எஸ்டேட் வாசலில் இருந்த தேநீர்க் கடையில் எல்லோரும் கூடினார்கள். செல்வம் மட்டும் அங்கே இல்லை. நான் தீர்ப்புச் சொன்னேன்.

"செல்வத்துக்குக் கால் போச்சுப்பா. இந்த வருசம் வெளிய உக்கார வைங்க."

முருகேசன் தயங்கினான். "ஒரு ஆட்டத்த வச்சுச் சொல்லாதீக பாய். அவென் நம்ம பழைய ஆளு..."

"ஒரு கை அள்ளிப் பாத்தா மூட்ட தெரியாதா முருகேசா?"

எல்லோரும் சிரித்தார்கள். முருகேசனும் சிரித்தான். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்துபோயிற்று.

முகம் கழுவலாம் என்று காய் உலர்த்தும் கட்டடத்துக்குப் பின்னால் போனேன். வாய்க்கால் ஓரத்தில் செல்வம் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அந்த பூட்ஸ். கால்கள் தண்ணீரில். அவன் ஒரு காலைத் தூக்கிக் கல்மேல் வைத்தான். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. குதிகாலில் தோல் உரிந்து தொங்கியது. சுண்டுவிரல்... வேண்டாம், போதும்.

அந்தக் காலைப் பார்த்தேன். என் கண் அதன் அளவைச் சொல்லிற்று. ஒன்பது. இந்தத் தடவை மிகச் சரியாகச் சொல்லிற்று!

அவன் திரும்புவதற்குள் வந்துவிட்டேன். தேநீர்க் கடையில் கூட்டம் கலையவில்லை. முருகேசன் இன்னும் அங்கேதான் நின்றிருந்தான். 'தப்பு என்மேல்தான், சைஸைக் கேட்காமல் சின்ன பூட்ஸை வாங்கிவிட்டேன்' என்று ஒரு வார்த்தை! அவ்வளவுதான். எல்லோரும் இன்னொரு முறை சிரித்திருப்பார்கள். ஒரு மாதம் என்னைக் கிண்டல் செய்திருப்பார்கள். செல்வம் அந்த வருடம் ஆடியிருப்பான்.

நான் இன்னொரு தேநீர் சொன்னேன்.

ஏன்? பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். சொன்ன விலையை மாற்றக்கூடாது என்ற வியாபாரப் பழக்கம் என்று ஒரு பதில் வைத்திருந்தேன். அது கௌரவமான பதில். அதனால்தான் அதை வைத்திருந்தேன். உண்மை அதைவிடச் சின்னது. 'ஏலக்காயைக் கண்ணால் அளக்கிற பாய்க்கு ஒரு காலை அளக்கத் தெரியலையே' என்று எவனாவது சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். இதற்காக... இதற்காகவா ஒருவனை உட்கார வைத்தேன்? ஆம், இதற்காகத்தான்.

செல்வம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. முதலில் சில நாள் மைதானத்துக்கு வந்து கோட்டுக்கு வெளியே நின்றான். பிறகு வெளியூர்ப் போட்டிகளுக்கு அணியை ஏற்றிப்போக ஜீப் வேண்டியிருந்தது. "நான் வர்றேன்" என்று அவனே வந்தான். இரண்டு சீசனாக அவன் எங்கள் அணிக்கு டிரைவர். ஆட்டம் நடக்கும்போது ஜீப்பின் பானெட் மேல் உட்கார்ந்து பார்ப்பான். இரண்டு வருடமும் அரையிறுதியில் தோற்றோம், இரண்டு முறையும் நட்டநடுவில் பந்து புகுந்து. அந்த இடத்தில் யார் நின்றிருக்க வேண்டும் என்பது மைதானத்தில் எனக்கு மட்டுமே தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்த வருடத்து சாம்பிள். அபாரமாக ஆடினார்கள், வென்றோம்! ஆனால் செல்வத்துக்குப் பதிலாக ஆடிவந்தவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். வழக்கம்போல முருகேசன் என் பக்கம் திரும்பினான். "ஸ்டாப்பருக்கு யாரைப் போடலாம் பாய்?"

"செல்வத்தக் கூப்பிடு" என்றேன்.

"நீங்கதான பாய் கால் போச்சுன்னீக?"

இதோ, வாசல் திறந்தே கிடந்தது. ஒரு காலை எடுத்து வைத்திருந்தால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அது அப்ப. இப்பத் தேறிருச்சு. ஜீப்புல ஏறி எறங்குற தோரணையிலயே தெரியுதுல்ல?"

"பாய் கண்ணே கண்ணு!" என்றான் முருகேசன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பாராட்டு எனக்குக் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது, கணக்கு நேராகிவிட்டது என்று உள்ளுக்குள் மூச்சும் விட்டுக்கொண்டேன்.

செல்வத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"வேணாம்ணே. எம்மேல உள்ள பிரியத்துல சொல்றீக."

"பிரியம் இல்லடா, நெசமாத்தான்..."

"ரெண்டு வருசமா நான் பந்தையே தொடலண்ணே. அன்னைக்கு பூட்ஸ் லேசாக் கடிச்சுச்சு. அதனாலதான் ஆட்டம் போச்சுன்னு மொதல்ல நானும் நெனச்சேன். அப்பறம் நீங்க சொன்னது காதுக்கு வந்துச்சு. உங்க கண்ணு தப்புமா? நம்மகிட்ட ஆட்டம் இல்ல, பூட்ஸ் மேல பழி போடக்கூடாதுன்னு விட்டுட்டேன்." பிறகு முருகேசனிடம் திரும்பினான். "வேற ஆளப் பாருங்கண்ணே. வெரசா ஏறுங்க எல்லாரும், மூடாப்புப் போடுது, மழ வந்துரும்."

என்மேல் கோபப்பட்டுத்தான் ஆட்டத்தையே விட்டான் என்றுதான் இவ்வளவு நாளும் எண்ணியிருந்தேன். அப்படியிருந்தால் எவ்வளவோ மேல்! ரணமான காலை வாய்க்காலில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், தன் கால் சொன்னதை நம்பாமல் என் வாய் சொன்னதை நம்பியிருக்கிறான்.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். பூட்ஸ் என்ற சொல்லை அவனே எடுத்துக் கொடுத்துவிட்டான். நான் சொல்லவேண்டியது மிச்சம் ஒரே ஒரு வாக்கியம். நாக்கு வரை வந்தது. "யோசிச்சுச் சொல்லு தம்பி" என்று அவன் தோளில் தட்டினேன்.

இறங்கும்போது முன் சீட்டில் அவன் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்தேன். பின்னால் எல்லோரும் வென்ற குஷியில் கத்திக்கொண்டு வந்தார்கள். நாங்கள் பேசினால் அவர்களுக்குக் கேட்காது. வளைவுக்கு வளைவு, 'அடுத்ததில் சொல்லிவிடலாம்' என்று நினைத்தேன். கீழே போடியின் வீடுகள் தெரியத் தொடங்கின.

"அண்ணே" என்றான் செல்வம். "இந்த வருசம் கப்பு நமக்குத்தான?"

"நமக்குத்தான்டா. சந்தேகமே வேணாம்."

"நீங்க சொல்லிட்டா சரிதான்" என்று நிறைந்த முகத்தோடு கியரை மாற்றினான். பிரேக்கின் மேல் இருந்த அவன் காலைப் பார்க்காமல் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.